கப்பல் மூழ்காது, ஆனா முடங்கிடும்: கடலடி வெடிப்பை உள்ளே இருக்கும் கருவிகள் தாங்குமா?

செம்பூரில் ஹார்பர் லைன் ஏறி சிஎஸ்எம்டி பக்கம் போகிறவரா நீங்கள்? காட்டன் கிரீன், ரே ரோடு தாண்டினால் அடுத்தது டாக்யார்டு ரோடு. அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் மசகான் டாக் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. 2025 ஜனவரி 15, ஊரில் மாட்டுப் பொங்கல். அன்று அங்கே கட்டப்பட்ட மூன்று கப்பல்கள் மும்பையில் ஒரே நாளில் கடற்படையில் சேர்ந்தன: டிஸ்ட்ராயர் ரகத்தில் ஐஎன்எஸ் சூரத், ஃப்ரிகேட் ரகத்தில் ஐஎன்எஸ் நீலகிரி, நீர்மூழ்கியான ஐஎன்எஸ் வாக்‌ஷீர்.

ஏவுகணை எத்தனை, ரேடார் எவ்வளவு தூரம் பார்க்கும், வேகம் என்ன என்றெல்லாம் செய்திகளில் படித்திருப்பீர்கள். படித்திருக்க வாய்ப்பே இல்லாத கேள்வி ஒன்று உண்டு. கப்பலிலிருந்து 30 மீட்டர் தள்ளி, தண்ணிக்கு அடியில் ஒரு கடற்கண்ணி வெடிக்கிறது. கப்பலில் ஓட்டை எதுவும் விழவில்லை. அடுத்த நிமிடம் அந்த ரேடார் வேலை செய்யுமா? பம்பு ஓடுமா? விளக்காவது எரியுமா?

போர்க்கப்பல் வடிவமைப்பில் இதற்கென்றே ஒரு தனித் துறை இருக்கிறது. அதன் பெயர் 'ஷாக்' ஆய்வு. கரண்ட் ஷாக் இல்லை. இது இயந்திர ஷாக், அதாவது சில மில்லிவினாடிகளில் வந்து போகும் ஒரு பெரிய உதறல்.

ஓட்டை விழாமலே ஒரு கப்பல் உடைந்த கதை

1939 நவம்பர் 21. ஸ்காட்லாந்தின் ஃபர்த் ஆஃப் ஃபோர்த் கடற்கழியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹெச்எம்எஸ் பெல்ஃபாஸ்ட்டின் அடியில் ஒரு ஜெர்மன் காந்தக் கண்ணி வெடித்தது. வெளித்தகட்டில் நேரடிச் சேதம் குறைவுதான். உள்ளே கதை வேறு. கப்பலின் முதுகெலும்பான கீல் வளைந்திருந்தது, தளங்கள் நெளிந்திருந்தன, இயந்திரங்கள் உடைந்திருந்தன. அந்தக் கப்பல் மறுபடி சேவைக்கு வர 1942 நவம்பர் ஆகிவிட்டது. இன்று அது லண்டன் தேம்ஸ் நதியில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

அந்தப் போரில் கடற்படைகள் இதுபோலப் பல சம்பவங்களைப் பார்த்தன. கப்பல் மிதக்கும், ஆனால் எதுவும் ஓடாது. வார்ப்பிரும்பால் செய்த பாகங்கள் விரிசல் விட்டன, பிரேக்கர்கள் தானாக டிரிப் ஆயின, இயந்திரங்களை அடித்தளத்தோடு பிணைத்திருந்த போல்ட்டுகள் அறுந்தன. நடுக்கடலில் கரண்ட் இல்லாத, திரும்ப முடியாத கப்பல் எதிரிக்கு எளிய இலக்கு. அதன்பின் நடப்பதற்கு இரண்டாவது குண்டு ஒன்றே போதும்.

பழைய கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம். 1988 ஏப்ரல் 14 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்காவின் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற ஃப்ரிகேட் ஒரு கண்ணியில் மோதியது. அடிப்பக்கத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. அதோடு, கப்பலை ஓட்டும் இரண்டு எல்எம்2500 எரிவாயு டர்பைன்களும் அவை உட்கார்ந்திருந்த தாங்கிகளிலிருந்து பெயர்ந்தன. மசகானில் கட்டிய ஐஎன்எஸ் நீலகிரியையும் அதே எல்எம்2500 ரக டர்பைன்கள்தான் ஓட்டுகின்றன. டர்பைனைவிட அது உட்காரும் இடத்தைப் பற்றி இன்ஜினீயர்கள் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்று இப்போது புரியும்.

தண்ணிக்குள் வெடித்தால் என்ன வித்தியாசம்?

மும்பைக்கு ஒரு பெரிய வெடிப்பின் ஞாபகம் உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல், சுமார் 1,400 டன் வெடிபொருளோடு வெடித்தது. வெகு தூரம் தள்ளி சிம்லாவில் இருந்த நில அதிர்வுக் கருவிவரை அந்த அதிர்வு பதிவானது. காற்றில் போன அலை அவ்வளவு தூரம் போயிருக்காது. திடப்பொருள் வழியாகப் போகும் அதிர்வு வேறு ரகம். தண்ணீர் வழியாகப் போவதும் அப்படித்தான்.

காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர். காற்று அமுங்கிக் கொடுத்து அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் அப்படிச் செய்யாது. அடியை அப்படியே கொண்டுவந்து கப்பல்மேல் வைக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 250 கிலோ டிஎன்டி, 20 மீட்டர் ஆழத்தில், கப்பலிலிருந்து 30 மீட்டர் தள்ளி வெடிக்கிறது. பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரங்களில் இந்த எண்களைப் போட்டால் இரண்டு தனித்தனி அடிகள் தெரியும்.

முதல் அடி அதிர்ச்சி அலை. வெடித்த 20 மில்லிவினாடியில் வந்து சேரும். உச்ச அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல சுமார் 90 மடங்கு. ஆனால் ஒரு மில்லிவினாடிக்குள்ளேயே அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

இரண்டாவது அடி, வெடிப்பில் உருவான வாயுக் குமிழி. ஏறக்குறைய 7 மீட்டர் ஆரம்வரை வீங்கி, ஒரு வினாடிக்குள் மறுபடி சுருங்கி, இன்னொரு முறை உதைக்கும். இந்த மெதுவான துடிப்பு முழுக் கப்பலையும் ஒரு மூங்கில் கழிபோல மேலும் கீழும் வளைக்கும். வெடிப்பு நேர் கீழே நடந்தால் இந்தக் குமிழியே கப்பலின் நடுவை முறித்துவிடலாம். 2010 மார்ச் 26 அன்று தென்கொரியாவின் சியோனன் இரண்டாக உடைந்து 46 மாலுமிகள் இறந்ததற்கு, டார்பிடோ வெடித்ததால் உண்டான அதிர்ச்சி அலையும் குமிழியும்தான் காரணம் என்று சர்வதேச விசாரணைக் குழு சொன்னது. வடகொரியா இன்றுவரை அதை மறுக்கிறது.

கருவிக்கு எப்படி அடி விழுகிறது?

தாராவி 90 அடி சாலைப் பக்கம் ஒரு தோல் பட்டறையைக் கற்பனை பண்ணுங்கள். மேஜைமேல் பஞ்சிங் மெஷின், பக்கத்திலேயே ஒரு கட்டிங் சாய். மெஷின் அடிக்கும்போது அது கிளாஸைத் தொடுவதே இல்லை. ஆனாலும் கிளாஸ் துள்ளுகிறது, சாய் சிந்துகிறது. அடி வாங்கியது மேஜை. கிளாஸ் தன் காலுக்குக் கீழே இருந்த தரை நகர்ந்ததால் மாட்டிக்கொண்டது.

கப்பல் கருவிகளுக்கும் இதே நிலைதான். வெடிப்பு கருவியைத் தொடுவதில்லை. கருவியின் அடித்தளத்தை உதறுகிறது. கேள்வி இதுதான்: தரை இப்படி உதறினால் மேலே இருப்பது எவ்வளவு ஆடும்?

இதற்கான விடை ஒரே எண் கிடையாது, ஏன்னா ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு மாதிரி ஆடும். லோக்கல் டிரெயினில் ஒரு கம்பியில் வெவ்வேறு நீளக் கயிறுகளில் நட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார். எல்லாக் கயிற்றுக்கும் ஒரே குலுக்கல்தான். ஆனால் சில கயிறுகள் மெதுவாகப் பெரிசா ஆடும், சில விறுவிறுவென்று சின்னதாக ஆடும். ஒவ்வொன்றும் தனக்கே உரிய தாளத்தில் ஆடுகிறது. அதைத்தான் இயல் அதிர்வெண் என்கிறோம்.

ஒவ்வொரு கயிறும் அதிகபட்சம் எவ்வளவு ஆடியது என்று அளந்து, அந்த எண்களை வரிசையாக ஒரு வரைபடத்தில் போடுங்கள். அதன் பெயர்தான் ஷாக் ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம். 'தரை எப்படி ஆடியது' என்பதைவிட 'இப்படிப்பட்ட கருவி இங்கே இருந்தால் எவ்வளவு கஷ்டப்படும்' என்பதை அது நேரடியாகச் சொல்லும். இந்தச் சிந்தனை கப்பலுக்காகப் பிறந்ததல்ல. மாரிஸ் பயோ 1932-இல் கால்டெக்கில் முனைவர் பட்ட ஆய்வில் நிலநடுக்கத்துக்காக முன்வைத்தது. அணு உலைக் கருவிகள் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று சோதிக்கும் துறையும் இதே வரைபடத்தைத்தான் பயன்படுத்துகிறது.

'எத்தனை ஜி தாங்கும்?' என்று மட்டும் கேட்டால் ஏமாந்துபோவோம்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பலரும் முதலில் கேட்பது 'எத்தனை ஜி?' என்றுதான். ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கு. ஆனால் அந்த ஒரு எண் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

ஒரு எளிய கணக்கு. கருவியின் அடித்தளம் திடீரென்று வினாடிக்கு 3 மீட்டர் வேகத்துக்குத் தள்ளப்படுகிறது. கருவியை விறைப்பாகப் பிணைத்து, அதன் இயல் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் ஆக இருந்தால், அது உணரும் முடுக்கம் சுமார் 96 ஜி. அடித்தளத்துக்கு எதிராக அது நகரும் தூரம் 1 செ.மீ.கூட இல்லை.

அதே கருவியை மென்மையான ரப்பர் அல்லது கம்பிச்சுருள் மவுண்ட்மேல் வைத்து, அதிர்வெண்ணை 5 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். முடுக்கம் பத்தில் ஒரு பங்காகி 9.6 ஜி ஆகிவிடும். சூப்பர்! ஆனால் நகரும் தூரம் பத்து மடங்காகி ஏறக்குறைய 9.5 செ.மீ. ஆகும்.

அதாவது மவுண்ட் அடியை அழித்துவிடுவதில்லை. விசையாக வந்ததை நகர்வாக மாற்றிக் கொடுக்கிறது. பஸ் குலுங்கும்போது நீங்கள் முழங்காலை லேசாக மடக்கி நிற்பதும் இதே வித்தைதான். காலுக்கு வலிக்காது, ஆனால் பக்கத்தில் நிற்பவர்மேல் இடிக்காமலிருக்க இடம் வேண்டும்.

கப்பலில் அந்த இடம்தான் கிடைக்காது. மவுண்ட்மேல் இருக்கும் அலமாரி 9.5 செ.மீ. ஆடினால் பக்கத்து அலமாரியில் மோதும். அதோடு இணைந்த பைப்பும் கேபிளும் அவ்வளவு நீளாவிட்டால் அறுந்துவிடும். மவுண்ட் நல்லா இருந்தது, கேபிளில் தளர்வு விடலை என்பதற்காக ஒரு ரேடார் இருண்டுபோகலாம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. குமிழி உதைத்துக் கப்பலையே வளைக்கும் ஆட்டம் வினாடிக்குச் சில தடவை நடக்கும். மவுண்டை ரொம்ப மென்மையாக்கினால் அதன் தாளம் இந்த ஆட்டத்தின் தாளத்தோடு பொருந்திவிடும். முதல் அடியிலிருந்து காப்பாற்றிய மவுண்ட் இரண்டாவது அடியில் கருவியைக் கூடுதலாக ஆட்டிவிடும்.

கனமான கருவி திருப்பித் தள்ளும்

இந்தத் துறையின் அழகான கண்டுபிடிப்பு ஒன்று 1960-களின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு முன் நடந்தது இது: வெடிச் சோதனையில் கப்பல் தளத்தின் அசைவை அளந்து, ஸ்பெக்ட்ரம் போட்டு, அதில் தெரியும் உச்சங்களுக்கு ஏற்பக் கருவியை வடிவமைப்பார்கள். அப்படிச் செய்தால் எல்லாமே தேவைக்குமேல் பலமாக, தேவைக்குமேல் கனமாக ஆகிவிடும்.

அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஓ'ஹாரா இதில் ஒரு தவறைக் காட்டினார். காலி ஊஞ்சலை ஒரு சின்னப் பிள்ளை தள்ளினால் ஊஞ்சல் போகும். அதில் ஒரு கனத்த பெரியவர் உட்கார்ந்திருந்தால்? தள்ளின பிள்ளைதான் பின்னால் போகும். கனமான டர்பைன் தன் தாளத்தில் ஆடும்போது அதுவும் தளத்தைத் திருப்பித் தள்ளுகிறது. அதனால் அந்தத் தாளத்தில் தளத்தின் அசைவே குறைந்துபோகிறது. கருவியின் சொந்த அதிர்வெண் வரும் இடத்தில் ஸ்பெக்ட்ரத்தில் உச்சம் இருக்காது, பள்ளம்தான் இருக்கும். வடிவமைக்க வேண்டியது அந்தப் பள்ளத்துக்கு.

இதை வைத்து ஓ'ஹாராவும் பெல்ஷெய்மும் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். அது 'டைனமிக் டிசைன் அனாலிசிஸ் மெத்தட்', சுருக்கமாக டிடிஏஎம். இன்றும் பொறியியல் மென்பொருள்களில் அது இருக்கிறது. நடைமுறை இப்படி:

• கருவியை ஒரே எடையாகப் பார்க்காமல், அது எந்தெந்த வடிவங்களில் ஆடக்கூடும் என்று பிரிக்க வேண்டும். ஒவ்வொரு வடிவத்திலும் மொத்த எடையில் எவ்வளவு பங்கு ஆடுகிறது என்று கணக்கிட வேண்டும்.

• அந்த எடைப் பங்குக்கும் அதிர்வெண்ணுக்கும் ஏற்ப ஷாக் அளவு தரப்படும். கப்பலா நீர்மூழ்கியா, கருவி இருப்பது அடித்தகட்டிலா மேல்தளத்திலா, அடி மேலிருந்து கீழாகவா பக்கவாட்டிலா என்பதைப் பொறுத்து இது மாறும்.

• கடைசியில் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். மிகப் பெரிய அழுத்தத்தை முழுதாக எடுத்து, மற்றவற்றின் இருபடிகளைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, அதோடு சேர்ப்பார்கள். எல்லா ஆட்டங்களும் ஒரே கணத்தில் உச்சத்துக்கு வராது என்பதால் இந்த ஏற்பாடு.

பொதுவெளியில் இருப்பது முறைதான். ஒரு குறிப்பிட்ட கப்பலுக்கான நிஜ ஷாக் அளவுகளை எந்தக் கடற்படையும் வெளியே சொல்லாது. அவை தெரிந்தால் அந்தக் கப்பல் எதில் முடங்கும் என்பதும் தெரிந்துவிடும்.

கணக்கு சரி. சோதனை எப்படி?

சின்னக் கருவிகளைச் சுத்தியலால் அடிப்பார்கள். நிஜமாகவே சுத்தியல்தான். அமெரிக்க முறையில் சுமார் 180 கிலோ எடையுள்ள ஊசல் சுத்தியல் 1.5 மீட்டர் உயரம்வரை இருந்து விழுந்து, கருவி பொருத்திய தகட்டை அடிக்கும். நடுத்தர எடைக் கருவிகளுக்குச் சுத்தியல் 1,360 கிலோ.

அதற்கும் பெரிய கருவியென்றால் ஒரு மிதவைக்குள் பொருத்தி, தண்ணீரில் விட்டு, பக்கத்திலேயே நிஜ வெடியை வெடிக்கிறார்கள். வழக்கமான மிதவைக்கு 27 கிலோ வெடி, 7 மீட்டருக்குக் கொஞ்சம் அதிக ஆழத்தில். ஒவ்வொரு முறையும் வெடியை நெருக்கிக்கொண்டே வந்து, கடைசியில் 6 மீட்டர் தூரத்தில் வெடிப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே முழுக் கப்பல் சோதனை. 2021 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அமெரிக்காவின் ஜெரால்டு ஆர். ஃபோர்டு விமானந்தாங்கிக் கப்பலுக்குப் பக்கத்தில், மாலுமிகள் உள்ளே இருக்கும்போதே மூன்று முறை வெடித்தார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 18 டன் வெடிபொருள். முதல் வெடிப்பு 3.9 அளவு நிலநடுக்கமாகப் பதிவானது.

இந்தியாவில் ராணுவத்துக்கான மின்னணு, மின் கருவிகளின் சோதனை முறைகளை ஜேஎஸ்எஸ் 55555 என்ற தரநிலை சொல்கிறது. கடற்படை வாங்கும் கருவிகளுக்கு ஷாக் தகுதியும் நிபந்தனையாக வரும். இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி: விசாகப்பட்டினத்தில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகமான என்எஸ்டிஎல் முன்னின்று உருவாக்கிய பல உணரிக் கடற்கண்ணி, 2025 மே மாதம் குறைந்த அளவு வெடிபொருளோடு வெற்றிகரமாக வெடித்துப் பார்க்கப்பட்டது. நாமே இப்படிப்பட்ட கண்ணி செய்கிறோம் என்றால், மற்றவர்களும் செய்வார்கள். கண்ணி மலிவு, கப்பல் விலை பல ஆயிரம் கோடி.

மனிதர்கள்?

தளம் சட்டென்று மேலே எழும்பும்போது அதில் நிற்கும் மாலுமியின் குதிகால், கணுக்கால், முழங்கால்தான் முதல் அடியை வாங்கும். அதனால்தான் சில நாற்காலிகளுக்குக் கீழேயும் அடி வாங்கும் மவுண்ட் வைக்கிறார்கள். சரியாகக் கட்டாமல் விட்ட ஒரு தீயணைப்புச் சிலிண்டர்கூட அந்த நொடியில் பறக்கும் ஆயுதமாகிவிடும்.

அதனால்தான் கருவிகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். அமெரிக்கத் தரநிலையில் 'கிரேடு ஏ' என்றால் அடிக்குப் பிறகும் வேலை செய்தாக வேண்டும்: ரேடார், திருப்பும் இயந்திரம், தீயணைப்பு பம்பு. 'கிரேடு பி' என்றால் வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. பெயர்ந்து விழுந்து ஆளையோ பக்கத்துக் கருவியையோ சிதைக்கக் கூடாது.

இந்த உழைப்பெல்லாம் பலன் தருமா? 1991 பிப்ரவரி 18 அன்று வளைகுடாப் போரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் கப்பலுக்கு அடியிலும் அருகிலும் இரண்டு கண்ணிகள் வெடித்தன. மேல்கட்டுமானம் விரிசல் விட்டது, ஒரு சுக்கான் மாட்டிக்கொண்டது. ஆனால் போர்க் கருவிகள் சீக்கிரமே மறுபடி உயிர் பெற்றன. கப்பலில் யாரும் சாகவில்லை.

உங்களுக்கு இதில் என்ன இருக்கு?

மாட்டுங்காவின் விஜேடிஐயிலோ ஊரில் ஏதோ ஒரு இன்ஜினீயரிங் காலேஜிலோ மெக்கானிக்கல் படித்திருந்தால், ஒரு எடை, ஒரு ஸ்பிரிங் கணக்கை நீங்கள் பரீட்சைக்காக எழுதி மறந்திருப்பீர்கள். இந்தத் துறை முழுக்க அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. ராக்கெட்டிலிருந்து பிரியும் செயற்கைக்கோள், மின்சார வண்டியின் பேட்டரி, கீழே விழும் உங்கள் போன் என எல்லா இடத்திலும் இதே கணக்கு உண்டு.

ஐடி ஆளாக இருந்தாலும் விலக்கில்லை. கப்பலின் போர் மேலாண்மை அமைப்பு ஓடுவது ஏதோ ஒரு சர்வர் ரேக்கில்தான். அந்த ரேக்கின் கனெக்டர் ஒன்று மில்லிவினாடி கழன்று மாட்டினால், உங்கள் மென்பொருள் மறுபடி தானாக எழுந்திருக்குமா என்பதும் ஷாக் கேள்விதான்.

அடுத்த முறை 'உள்நாட்டிலேயே தயாரித்த, ஷாக் சோதனையில் வென்ற கருவி' என்ற செய்தியைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். சோதனையின்போது கருவி ஓடிக்கொண்டிருந்ததா, அணைத்து வைத்திருந்தார்களா? கப்பலில் எந்த மவுண்ட்மேல் உட்காரப்போகிறதோ அதே மவுண்டோடு அடித்தார்களா? அதனோடு சேரும் கேபிளையும் பைப்பையும் மாட்டித்தான் அடித்தார்களா? மூன்றுக்கும் 'ஆமா' என்றால்தான் அந்தச் செய்தி முழுசா உண்மை.